பாக்க வாரவுக

எங்கள் வீட்டுக்கு மூன்று வீடு தள்ளிக் குடியிருந்த அந்த அம்மாள், என் தாயைத் தினமும் பார்ப்பவர். சாயங்காலம் தண்ணீர் லாரி வரும்போது இருவரும் குடத்தோடு அடுத்தடுத்து நிற்பார்கள். எங்கள் கொல்லையில் இருந்த கறிவேப்பிலை மரத்தில் பாதி அவர் குழம்புக்குத்தான் போயிற்று. அப்படிப்பட்டவர், உப்பளத்தில் வேலை பார்த்த என் தாய் நலவாரிய அட்டையைப் புதுப்பிக்க மனுப் போட்டபோது, அதைச் சரிபார்க்கும் அலுவலராக வந்து, பெயருக்கு நேரே "பார்க்கவில்லை" என்று எழுதி அனுப்பிவிட்டார்.

அன்று என் தாய், அக்காள் மகளின் பிரசவத்துக்காக ஏரலுக்குப் போயிருந்தார். நான் அப்போதுதான் பி.காம். முடித்திருந்தேன். நியாயம் கேட்கப் போனேன்.

"நேத்து சாயங்காலம்கூட எங்கம்மாவப் பாத்தியளே."

"பாத்தேன்."

"பிறகு எப்படிப் பாக்கலன்னு எழுதினிய?"

"நேத்து தண்ணி பிடிக்கப் போனேன் தம்பி. மனுவ எடுத்துக்கிட்டு வந்தது இன்னைக்கு. இன்னைக்கு உங்கம்மா வீட்ல இல்ல."

அட்டை கைக்கு வர இரண்டு மாதம் ஆயிற்று. என் தாய்க்குக் கோபம் வரவில்லை. "அவளுக்கு அப்படித்தான் எழுத வரும், விடு" என்று சொல்லிவிட்டுக் கறிவேப்பிலை பறித்துக் கொடுத்தார். எனக்குத்தான் ஆறவில்லை. வெகுகாலம் அவரைத் தெருவில் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போயிருக்கிறேன்.

இந்த மூன்று வாரமாக அவர் நினைவாகவே இருக்கிறது. காரணம் என் மகள்.

அரசு கொடுக்கும் உதவித்தொகைகளில் நடக்கும் மோசடியைத் தடுக்கப் புதிதாக ஒரு சட்டம் வரப்போகிறது என்று செய்தி வந்தது. தகுதியில்லாமல் வாங்கியவர் வட்டியோடு திருப்பிக் கட்ட வேண்டும். வாங்க வைத்தவருக்குச் சிறை. பார்க்காமலே பார்த்ததாகச் சான்று கொடுத்தவரும் வாங்க வைத்தவராகவே கருதப்படுவார் என்று அதில் ஒரு பிரிவு இருக்கிறதாம். வரைவுதான், இன்னும் நிறைவேறவில்லை. ஆனால் அலுவலகங்கள் இப்போதே பயந்துபோய்ப் பழைய பட்டியல்களைத் தோண்டிக்கொண்டிருக்கின்றன.

தொழிலாளர்களுக்கான ஓர் அலுவலகத்தில் என் மகள் ஒப்பந்தத்தில் வேலை பார்க்கிறாள். உப்பளத் தொழிலாளர்களின் மழைக்கால உதவித்தொகைக்குப் பெயர் பதிவது அவள் பொறுப்பு. போன மழைக்காலத்தில் அவள் பதிந்ததில் நாற்பத்தொரு பெயர் சந்தேகத்துக்குரியவை என்று கணினியே பொறுக்கி எடுத்துக் கொடுத்துவிட்டது. அந்த நாற்பத்தொரு பேருக்கும் இந்த வருஷத் தொகையை நிறுத்திவிட்டார்கள். ஒவ்வொரு பெயரையும் நேரில் பார்த்தாயா என்று பத்து நாளில் எழுத்தில் பதில் தரும்படி மகளுக்குக் கடிதம் வந்தது. ஒரு பெயரைக்கூட அவள் பார்த்திருக்கவில்லை.

ஏன் பார்க்கவில்லை என்பதை எழுதத்தான் கை கூசுகிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

உப்பளத்துக்காரர்கள் அந்த அம்மாளைப் "பாக்க வாரவுக" என்றுதான் சொல்வார்கள். மனுப் போட்டவர் நிஜமாகவே உப்பு வேலை செய்கிறவர்தானா என்று வீடு தேடிப் போய்ப் பார்த்து எழுதுவது அவர் வேலை. குள்ளமான உருவம். வலது கையில் ஆண்கள் குடை, இடது தோளில் ரெக்ஸின் பை. குடையை விரித்து நான் பார்த்ததில்லை, நாய்களுக்காக வைத்திருந்தார். யாரையும் பார்க்கும் முன்னால் கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பில் துடைப்பார். துடைத்து முடிக்கும்வரை எதிரில் நிற்பவர் எதுவும் பேசக் கூடாது. பேசினால், துடைத்ததையே மறுபடி துடைப்பார்.

மனுத்தாளின் அடியில் "சரிபார்க்கப்பட்டது" என்று அச்சிலேயே இருக்கும். கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி. அவர் அந்தச் சொல்லை அடித்துவிட்டுப் பக்கத்தில் "நேரில் பார்த்தேன்" என்று எழுதுவார். ஒவ்வொரு தாளிலும் எழுதுவார். "அச்சுல இருக்கதுக்கு மேல எதுக்குங்க அடிக்கிறீங்க?" என்று மேலதிகாரி ஒருவர் கேட்டதற்கு, "யாரு சரிபார்த்தாங்கன்னு அதுல இல்லியே சார்" என்றாராம். அந்த அதிகாரி ஆறு மாதத்தில் மாற்றலாகிப் போய்விட்டார். இவர் அடிப்பது நிற்கவில்லை.

ஏமாற்ற வந்தவர்களை அவர் திட்டி நான் கேட்டதில்லை. எங்கள் தெருமுனை மளிகைக் கடைக்காரர் நலவாரிய அட்டைக்கு மனுப் போட்டிருந்தார். இவர் குடையோடு கடை வாசலில் போய் நின்றார்.

"அண்ணாச்சி, எந்த அளத்துல வேலை?"

"அளம் என்ன அளம். உப்பு மூடையத் தூக்கிதேன், நிறுக்குதேன், பொட்டலம் போடுதேன். அதுவும் உப்பு வேலைதானம்மா."

அவர் கண்ணாடியைத் துடைத்தார். கடையை மேலும் கீழும் பார்த்தார். "அப்ப அரிசி நிறுக்கியளே, விவசாயின்னும் ஒரு மனு போட்டிருங்க" என்றார். சரக்கு வாங்க நின்ற எல்லாரும் சிரித்தார்கள். அண்ணாச்சியும் சிரித்தார். அங்கேயே தாளை வைத்து, "பார்த்தேன். மளிகைக் கடை" என்று எழுதினார் அந்த அம்மாள். பிறகு கால் கிலோ துவரம் பருப்பு வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

மற்றவர்களை அவர் காலை வைத்துக் கண்டுபிடிப்பார். உப்பு நீரில் நிற்கிற கால் வேறு. பாதத்தின் ஓரம் வெள்ளையாகத் தடித்து, குதிகாலில் வெடிப்பு ஆழமாக ஓடி, விரல் இடுக்கெல்லாம் அறுபட்டிருக்கும். வீட்டு வாசலில் நின்று "காலைக் காட்டு ஏளா" என்பார். பெண்கள் சேலையைக் கொஞ்சம் தூக்கிக் காட்டுவார்கள். ஒரு நிமிஷம் ஆகாது. என் தாய்கூட, "எங்க கால வாசிக்க அவளுக்குத்தான் தெரியும்" என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வார்.

அந்தக் கணக்குத்தான் பேச்சியம்மாள் விஷயத்தில் தவறிப்போயிற்று.

பேச்சியம்மாள் முள்ளக்காட்டுப் பக்கம் குடியிருந்தாள். அவள் மகளுக்கு நர்சிங் படிக்க இடம் கிடைத்திருந்தது. தாய்க்கு அட்டை கிடைத்தால் நலவாரியத்தின் படிப்பு உதவியும் கிடைக்கும். இந்த அம்மாள் போய்க் காலைப் பார்த்தார். மழமழவென்று இருந்தது. வெடிப்பு இல்லை, தழும்பு இல்லை. பேச்சியம்மாள் என்னவோ சொல்ல வாயெடுத்திருக்கிறாள். இவர் கண்ணாடியைத் துடைத்துவிட்டு இன்னொரு தடவை பார்த்தார். "பார்த்தேன். உப்பு வேலை செய்யும் கால் இல்லை" என்று எழுதி அனுப்பினார்.

நாலு மாதம் கழித்து வேறு யாரையோ தேடி விடிகாலையில் அளத்துக்கே போகும்படி ஆயிற்று. பாத்தியில் இறங்கி உப்பு வாரிக்கொண்டிருந்தவர்களில் ஒருத்தி, பாதத்திலிருந்து முழங்கால்வரை லாரி டயரின் உள்ட்யூபை வெட்டி உறைபோல மாட்டிக் கயிற்றால் கட்டியிருந்தாள். துறைமுகச் சாலையில் பஞ்சர் கடைகளுக்கா குறைவு, பழைய ட்யூப் சும்மாவே கிடைக்கும். சர்க்கரை வியாதி, காலில் புண் வந்தால் ஆறாது, தண்ணீரில் காலை வைக்காதே என்று டாக்டர் சொன்னதால் அவளாகச் செய்துகொண்ட ஏற்பாடு. ஆறு வருஷமாக அப்படித்தான் வேலை பார்க்கிறாளாம். நிமிர்ந்தபோது பேச்சியம்மாள்.

"அதைக் கழத்து ஏளா, பாப்போம்" என்றிருக்கிறார் இவர்.

பேச்சியம்மாள் கழற்றினாள். அதே மழமழப்பான கால். இவர் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார். பக்கத்துப் பாத்தியில் என் தாய் இருந்தார். மற்றதெல்லாம் அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

"காலப் பாத்துட்டுப் போனியளே, என் கைய ஏன் பாக்கல?" என்று கேட்டாளாம் பேச்சியம்மாள். சண்டையாகக் கேட்கவில்லை. உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். உப்பு வாரும் பலகையின் பிடி பட்டுப் பட்டு அது காய்ந்த தோலாகக் கிடந்தது.

அந்த அம்மாள் அன்றே அலுவலகத்துக்கு எழுதிக் கொடுத்தார். "நான் எழுதியது தவறு, காலை மட்டும் பார்த்தேன், கையைப் பார்க்கவில்லை, வேலை செய்யும் இடத்துக்குப் போகவில்லை." அவ்வளவுதான். யாரும் கேட்காமல் அவராகக் கொடுத்த கடிதம் அது. அதற்காக அவரிடம் விளக்கம் கேட்டார்கள், ஒரு வருஷச் சம்பள உயர்வை நிறுத்தினார்கள். பேச்சியம்மாளுக்கு அட்டை வந்தது. ஆனால் கல்லூரியில் சேரும் தேதி போய்விட்டிருந்தது. அந்தப் பெண் நர்சிங் படிக்கவில்லை. மறு வருஷம் கல்யாணம் செய்து கொடுத்துவிட்டார்கள்.

அதன் பிறகு அவர் யாரையும் வீட்டில் பார்க்கவில்லை. விடியும் முன் கிளம்பி அளத்துக்கே போனார். வரப்பில் குடையை ஊன்றி நடந்து வருவதைப் பார்த்தால், "ஏளா, பாக்க வாரவுக வாராக" என்று பாத்திக்குப் பாத்தி குரல் போகும் என்பார் என் தாய். பேச்சியம்மாள் இருக்கும் பக்கம் போனால் மட்டும் அவர் பேச மாட்டாராம். அவளும் பேச மாட்டாள்.

அந்தக் காலத்திலும் போலி அட்டைகளைப் பற்றிப் பேச்சு வரும். கடுமையாகச் சட்டம் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று ஒரு நாள் நான் தெருவில் நின்று பேசிக்கொண்டிருந்தேன். அப்போது எனக்குத் துறைமுகத்தில் சரக்கு அனுப்பும் ஏஜென்ட் ஒருவரிடம் வேலை கிடைத்திருந்தது. சட்டம் பற்றியெல்லாம் பேசத் தைரியம் வந்திருந்தது. குடத்தோடு போன அந்த அம்மாள் நின்றார்.

"போடட்டும் தம்பி, நல்லதுதான். முள்ளக்காட்டுக்கு யாரு நடந்து போறது?"

பதிலுக்குக் காத்திராமல் போய்விட்டார்.

ஓய்வு பெற்றதும் சொந்த ஊரான ஏரலுக்கே போனார். அதன் பிறகு ஒரே ஒரு தடவைதான் பார்த்தேன். ஒரு வேலையாகக் கருவூலத்துக்குப் போயிருந்தேன். ஓய்வூதியம் வாங்குகிறவர்கள் வருஷத்துக்கு ஒரு தடவை, உயிரோடு இருக்கிறோம் என்று காட்டும் மாதம். வீட்டிலிருந்தபடியே செல்போனில் முகத்தைக் காட்டினால் போதும் என்ற ஏற்பாடு வந்துவிட்டிருந்தது. இவர் பஸ் ஏறி வந்து வரிசையில் நின்றிருந்தார். குடை இருந்தது, உடம்பு பாதியாகியிருந்தது. முறை வந்தபோது, கவுண்டரில் இருந்த இளைஞர் குனிந்தபடியே தாளை வாங்கினார், குனிந்தபடியே முத்திரையை எடுத்தார்.

"ஏலே தம்பி, நிமிந்து பாரு."

அவர் நிமிர்ந்தார்.

"இப்பக் குத்து. பாக்காம நான் உசுரோட இருக்கேன்னு எழுதிராத."

வரிசையில் நின்ற பெரியவர் ஒருவர், "நம்ம எல்லாத்தையும் ஒரு தடவ பாத்துரு தம்பி, வீட்லதான் யாரும் பாக்கிறதில்ல" என்றார். சிரிப்பாயிற்று. நான் தூணுக்குப் பின்னால் நின்றிருந்தேன். முன்னால் போய் வணக்கம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இரண்டு வருஷம் முன்பு ஏரலில் அவர் இறந்துபோனதாகத் தெருவில் பேசிக்கொண்டார்கள். அதற்கும் போகவில்லை.

இனி என் மகளின் காரியத்தைச் சொல்லிவிட வேண்டும்.

போன மழைக்காலத்தில் பெயர் பதியக் கடைசி நாள் அன்று, உப்பளத் தொழிலாளர் சங்கத்துக்காரர் ஒருவர் நாற்பத்தொரு பெயர் கொண்ட பட்டியலை அவள் மேஜையில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். வெளியே சாலையெல்லாம் தண்ணீர். கணினித் திரையில் ஒவ்வொரு பெயருக்கும் கீழே "நேரில் பார்த்தீர்களா?" என்று ஒரு கேள்வி வரும். ஆம், இல்லை, இரண்டில் ஒன்றை அமுக்க வேண்டும். மகள் எனக்கு போன் செய்தாள்.

"அப்பா, போயிப் பாக்க வழியில்ல. இல்லன்னு போட்டா இவங்களுக்கு இந்த வருஷம் கிடைக்காது. சார் வேற சத்தம் போடுதாரு."

"ஆம்னு போட்டுரு" என்றேன் நான். "எல்லாரும் அப்படித்தாம்மா போடுதாங்க. இதுக்கெல்லாம் மனசப் போட்டு ஒழப்பாத. உனக்கு வேலை நிரந்தரமாகணும்."

அதைச் சொல்லும்போது என் கையில் ஒரு தாள் இருந்தது. ஒரு கண்டெய்னரின் சீல் உடையாமல் இருப்பதை நேரில் கண்டதாக நான் கையெழுத்துப் போட வேண்டிய தாள். அந்தக் கண்டெய்னர் நின்ற யார்டுக்கு நான் போகவில்லை. மழை.

கடிதம் வந்த அன்று மகள் சாப்பிடவில்லை. மறுநாள் சங்கத்துக்காரர் வீட்டுக்கே வந்தார். "எல்லாம் நேர்ல பாத்ததுதான்னு எழுதிக் குடுத்துரும்மா. மத்தத நாங்க பாத்துக்கிடுதோம்" என்றார். அவர் போன பிறகு நான் வேறு மாதிரி யோசித்தேன். மேலதிகாரியின் அறிவுறுத்தலின்படி என்று எழுதலாமா, கனமழை காரணமாக என்று எழுதலாமா. விடிய விடிய அதே யோசனை. காலையில் மகளிடம், "நான் சொல்லித்தான் செஞ்சேன்னு எழுது" என்றேன்.

"நீங்க என்ன எங்க ஆபீஸாப்பா?" என்றாள். "அமுக்கினது என் விரல்தான."

"அப்ப பாக்கலன்னு எழுதிரு. வாரது வரட்டும்."

"நாப்பத்தொண்ணுக்கும் அப்படி எழுதினா நெசமா உப்பு வாருறவங்களுக்கும் போயிரும். அதுல எத்தன பேரு நெசம், எத்தன பேரு பொய்னு எனக்கே தெரியாதுப்பா."

பிறகு அவள் பட்டியலை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, "வண்டிய எடுங்க" என்றாள்.

நாலு நாள் அலைந்தோம். நான் விடுப்புப் போட்டேன். மழைக்காலமாதலால் அளத்தில் வேலை இல்லை. வீடு வீடாகத்தான் போக வேண்டியிருந்தது. நாற்பத்தொன்றில் இருபத்தெட்டுப் பேரைப் பார்த்தோம். அவர்களை அளத்தில் பார்த்தவர்கள் பெயரையும் மகள் கேட்டுக் குறித்துக்கொண்டாள். மூன்று பேர் இறந்திருந்தார்கள். ஒருவர் வெளியூரில் செல்போன் கடை வைத்திருக்கிறாராம். சில முகவரிகளில் கருவேல மரம் நின்றது. எட்டாம் நாள் மகள் பதிலைக் கொடுத்துவிட்டாள். பதியும்போது ஒருவரையும் பார்க்கவில்லை, பார்த்ததாக அமுக்கியது தவறு, இப்போது பார்த்தது இருபத்தெட்டு, பார்க்காதது பதின்மூன்று. காரணம் எதுவும் எழுதவில்லை. இருபத்தெட்டுப் பேருக்கும் தொகையை விடுவித்துவிட்டார்கள். மகளின் ஒப்பந்தம் இந்த மாதக் கடைசியோடு முடிகிறது. நீட்டிப்பார்களா, வழக்குப் போடுவார்களா, எதுவும் தெரியவில்லை. வாசலில் தபால்காரர் வண்டிச் சத்தம் கேட்டால் நான் இன்னும் எழுந்து வாசலுக்குப் போய்விடுகிறேன்.

அந்த நாலு நாளில் மூன்றாம் நாள்தான் முள்ளக்காட்டுக்குப் போனோம். பட்டியலில் இருபத்தைந்தாவது பெயர். ஓட்டு வீடு. வாசலில் வயதான பெண் ஒருத்தி கால் நீட்டி உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். மகள் கையில் பட்டியலையும் பேனாவையும் கண்டதும் அரிவாள்மணையைத் தள்ளி வைத்தாள். யாரும் எதுவும் கேட்கவில்லை. சேலையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கினாள். பிறகு இரண்டு கையையும் விரித்து மடியில் வைத்தாள்.

"பாத்துக்கோ தாயீ. காலு இப்படித்தான் இருக்கும். கையையும் சேத்துப் பாத்துரு."

மகளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆணியில் ஒரு ஜோடி ட்யூப் உறை தொங்கியது. ஓரங்களில் உப்பு பூத்திருந்தது.

"கால உள்ள வைங்க ஆச்சி" என்றாள் மகள். பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். "எந்த அளம், யாரு கூட வேலை பாக்கிறீங்க, அந்த உறையக் கட்டிக்கிட்டு எப்படி உப்பு வாருறீங்க, மொதல்ல அதச் சொல்லுங்க."

பேச்சியம்மாள் சொன்னாள். அரை மணி நேரம் சொன்னாள். இருபது வருஷமாக யாரும் கேட்காத கேள்வி போலிருந்தது. மகள் அவள் பெயருக்கு நேரே எழுதினாள்: "நேரில் பார்த்தேன்." அந்தச் சொற்களை நான் அவளுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை.

கிளம்பும்போது பேச்சியம்மாள் என்னைக் கூர்ந்து பார்த்தாள். இன்னாருடைய மகன் என்று சொன்னேன். தெரிந்துகொண்டாள்.

"பாக்க வாரவுக உங்க தெருதான? எப்படி இருக்காக?"

"அவுக இறந்துட்டாகக்கா. ரெண்டு வருசம் ஆச்சு."

அரிவாள்மணையில் ஒட்டியிருந்த பீன்ஸ் நாரை அவள் மெதுவாக எடுத்துப் போட்டாள்.

"நீ நேர்ல பாத்தியா தம்பி?"

மகள் வண்டிக்குப் பக்கத்தில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்லக்கா. நான் பாக்கல" என்றேன்.